லிங்கர் எர்ரரா? பயப்படாமல் படியுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் கேம்ஸ், பாட்டு, இன்டர்நெட் என்று நாட்கள் ஓடும். சில மாதங்கள் கழித்து, "நாமே ஒரு புரோகிராமை உருவாக்கிப் பார்த்தால் என்ன?" என்ற ஆசை வரும். இன்டர்நெட்டிலிருந்து ஒரு சாப்ட்வேரின் சோர்ஸ் கோடை டவுன்லோடு செய்து, கட்டளையைக் கொடுத்து, என்டர் கீயை அழுத்துவீர்கள். திரையில் வரிகள் மளமளவென்று ஓடும். கடைசியில் பத்து இருபது வரி எர்ரர் வந்து நிற்கும். பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில் கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

இந்தக் கட்டுரை அப்படி எழுந்து போனவர்களுக்காக. லுவா என்ற இன்டர்பிரெட்டரை நம் பிசியில் உருவாக்கி, ராஸ்பெர்ரி பை என்னும் சின்ன கம்ப்யூட்டரில் ஓட்டப் போகிறோம். வழியில் வரக்கூடிய லிங்கர் எர்ரர்களை ஒவ்வொன்றாகச் சரி செய்யப் போகிறோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு பெரிய தவறையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஒரு சிறு குறிப்பு: கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் கொடுத்திருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்துகளில்தான் டைப் செய்ய வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன். மற்றவை எல்லாம் சிறிய எழுத்துகளே.

லிங்கர் என்பது யார்?

சி மொழியில் எழுதிய புரோகிராம் பல பைல்களாக இருக்கும். கம்பைலர் ஒவ்வொரு பைலையும் தனித்தனியாக எடுத்து, பிராசசருக்குப் புரியும் மொழிக்கு மாற்றி, ஆப்ஜெக்ட் பைலாகத் தருகிறது. இவற்றின் பெயர் புள்ளி ஓ என்று முடியும். இந்த ஆப்ஜெக்ட் பைல்களையும், ஏற்கனவே தயாராக இருக்கும் லைப்ரரிகளையும் ஒன்றாக இணைத்து, ஓடக்கூடிய ஒரே புரோகிராமாகத் தருவதுதான் லிங்கரின் வேலை.

கல்யாண வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். முதல் நாள் இரவு ஒருவர் பட்டியலோடு மண்டபத்தில் நிற்பார். "வாழை இலை யார் பொறுப்பு? தேங்காய் யார் கொண்டு வருகிறார்கள்?" என்று கேட்டுக் கேட்டு டிக் அடிப்பார். ஒரு பொருளுக்கு யாருமே பதில் சொல்லவில்லை என்றால் சத்தம் போடுவார். லிங்கரும் அப்படித்தான். ஒரு ஆப்ஜெக்ட் பைல், "எனக்கு பவ் என்ற ஃபங்ஷன் வேண்டும், வேறு யாரோ தருவார்கள்" என்று எழுதி வைத்திருக்கும். அதைத் தருபவர் யார் என்று லிங்கர் தேடும். கிடைக்காவிட்டால் எர்ரர் கொடுக்கும்.

ஆகவே கம்பைலர் எர்ரர் வேறு, லிங்கர் எர்ரர் வேறு. கம்பைலர் எர்ரர் என்றால் நீங்கள் எழுதியதில் ஏதோ பிழை. லிங்கர் எர்ரர் என்றால், பெரும்பாலும் எழுதியது சரி, சேர்க்க வேண்டிய ஒன்று வந்து சேரவில்லை.

கிராஸ் கம்பைல் என்றால் என்ன?

உங்கள் பிசியில் இருப்பது இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசசர். ராஸ்பெர்ரி பையில் இருப்பது ஏஆர்எம் வகை பிராசசர். இரண்டும் பேசும் மொழி வேறு வேறு. பிசியில் உட்கார்ந்து கொண்டே ஏஆர்எம்முக்கான புரோகிராமை உருவாக்குவதுதான் கிராஸ் கம்பைல்.

லுவாவை ஏன் எடுத்துக் கொள்கிறோம்? பிரேசில் நாட்டில் ரியோ டி ஜெனிரோ நகரிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993ல் உருவான மொழி இது. போர்த்துகீசிய மொழியில் லுவா என்றால் நிலா. இதன் இன்டர்பிரெட்டர் முழுவதும் சுமார் 30,000 வரி சி கோடுதான். சில விநாடிகளில் கம்பைல் ஆகிவிடும். உண்மையில் இவ்வளவு சின்ன புரோகிராமை ராஸ்பெர்ரி பையிலேயே கூட கம்பைல் செய்துவிடலாம். ஆனால் ரூட்டர் போன்ற சின்னக் கருவிகளில் கம்பைலரை வைக்கவே இடம் இருக்காது. பெரிய சாப்ட்வேர் என்றால் பையில் மணிக்கணக்கில் ஆகும். அதற்கெல்லாம் கிராஸ் கம்பைல்தான் வழி. நீச்சலைக் கிணற்றில் பழகிவிட்டு ஆற்றில் இறங்குவது போல, லுவாவில் பழகிக் கொள்வோம்.

தயார் செய்து கொள்ளுங்கள்

பிசியில் உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸ் தேவை. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல் வசதி மூலம் விண்டோசுக்குள்ளேயே உபுண்டுவை நிறுவிக் கொள்ளலாம்.

முதலில் ராஸ்பெர்ரி பையில் டெர்மினலைத் திறந்து, டிபிகேஜி என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, இரண்டு ஹைபன் போட்டு, பிரின்ட் ஹைபன் ஆர்க்கிடெக்சர் என்று கொடுங்கள். ஏஆர்எம்64 என்று பதில் வந்தால் 64 பிட் சிஸ்டம். ஏஆர்எம்எச்எஃப் என்று வந்தால் 32 பிட் சிஸ்டம். இந்தக் கட்டுரையில் 64 பிட்டையே எடுத்துக் கொள்கிறேன். 32 பிட் வைத்திருப்பவர்கள் அதற்குரிய வேறு கம்பைலரை நிறுவ வேண்டும். முதல் ராஸ்பெர்ரி பை, பை ஜீரோ ஆகியவற்றில் இருப்பது ஏஆர்எம் 6 என்ற பழைய வகை. உபுண்டு தரும் 32 பிட் கம்பைலர் ஏஆர்எம் 7 வகைக்கானது. அதில் உருவாக்கியதைப் பழைய பையில் ஓட்டினால் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று நின்றுவிடும்.

இப்போது பிசிக்கு வாருங்கள். உபுண்டுவில் கன்ட்ரோல், ஆல்ட், டி கீகளை ஒன்றாக அழுத்தினால் டெர்மினல் திறக்கும். கீழ்க்கண்ட கட்டளையைக் கொடுங்கள்:

சுடோ ஆப்ட் இன்ஸ்டால் மேக் ஜிசிசி-ஏஏஆர்ச்64-லினக்ஸ்-குனு

ஏஏஆர்ச் என்பதில் இரண்டு ஏ, பிறகு ஆர், சி, எச் வரும். குனு என்பது ஜி, என், யு. இதுதான் நம் கிராஸ் கம்பைலர். லிங்கரும் இதோடு சேர்ந்தே வந்துவிடும்.

அடுத்து லுவா டாட் ஆர்க் தளத்திலிருந்து 5.4 வரிசையில் உள்ள ஒரு பதிப்பை டவுன்லோடு செய்து, விரித்து, அந்த போல்டருக்குள் செல்லுங்கள். பிறகு இதைக் கொடுங்கள்:

மேக் லினக்ஸ் சிசி=ஏஏஆர்ச்64-லினக்ஸ்-குனு-ஜிசிசி

சமக்குறிக்கு முன்னால் உள்ள சிசி மட்டும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். "எந்த கம்பைலரைப் பயன்படுத்துவது?" என்ற கேள்விக்கான பதில் இது. புதிதாக விரித்த போல்டராக இருந்தால் பெரும்பாலும் எர்ரர் இல்லாமல் முடிந்துவிடும். நாம் ஏதாவது மாற்றப் போகும்போதுதான் சிக்கல் தொடங்கும்.

லிங்கர் எர்ரர் எத்தனை வரி வந்தாலும் பெரும்பாலும் இந்த மூன்று வகைகளில் ஒன்றுதான். லைப்ரரி பைலே கிடைக்கவில்லை. பைல் கிடைத்தது, ஆனால் வேறு பிராசசருக்கானது. பைல்கள் சரி, ஆனால் கேட்ட பெயர் எதிலும் இல்லை. எது என்று கண்டுபிடிக்க, திரையை மேலே நகர்த்தி முதல் எர்ரர் வரியைப் படியுங்கள். கடைசி வரியில் மேக் "எர்ரர்" என்று சொல்வது வெறும் முடிவுரைதான். காரணம் எப்போதும் மேலேதான் இருக்கும்.

முதல் வகை: கேனாட் ஃபைண்ட்

லுவாவில் அம்புக்குறி கீயை அழுத்தினால் முன்பு டைப் செய்த வரி திரும்ப வரும் வசதி வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். அதற்கு ரீட்லைன் என்ற லைப்ரரி தேவை. மேக் லினக்ஸ் என்பதற்குப் பதிலாக மேக் லினக்ஸ்-ரீட்லைன் என்று கொடுக்கிறீர்கள். உடனே "கேனாட் ஃபைண்ட் -எல்ரீட்லைன்" என்று எர்ரர் வருகிறது.

-எல் என்பதற்குப் பிறகு வருவது லைப்ரரியின் பெயர். லிப் என்ற முன்னொட்டைச் சேர்த்துக் கொண்டு, லிப்ரீட்லைன் என்ற பைலை லிங்கர் தேடும். "என் பிசியில்தான் ரீட்லைன் நிறுவியிருக்கிறேனே!" என்பீர்கள். அங்கேதான் குழப்பமே. ரீட்லைனின் ஹெடர் பைல் வெறும் எழுத்து வடிவம், எந்த பிராசசருக்கும் பொது. உபுண்டுவின் கிராஸ் கம்பைலர் பிசியின் பொதுவான இன்க்ளூட் போல்டரையும் பார்க்கும் என்பதால், ஹெடர் கிடைத்து கம்பைல் வேலை முடிந்துவிடும். ஆனால் லைப்ரரி பைல் பிசியின் பிராசசருக்கானது. லிங்கருக்கு வேண்டியது ஏஆர்எம்முக்கான லைப்ரரி. அது உங்களிடம் இல்லை.

பலர் இந்த இடத்தில், பிசியின் லைப்ரரி போல்டரை -எல் என்று பெரிய எழுத்தில் கொடுத்து லிங்கருக்குக் காட்டுவார்கள். அப்போது "ஸ்கிப்பிங் இன்கம்பேட்டிபிள்" என்று ஒரு வரி கூடுதலாக வரும். "பைலைப் பார்த்தேன், எனக்குப் பொருந்தாது, தாண்டிப் போகிறேன்" என்று பொருள். பிறகு பழையபடி "கேனாட் ஃபைண்ட்" வரும். லிங்கரை ஏமாற்ற முடியாது.

தீர்வு இரண்டு. ஒன்று, அந்த லைப்ரரி உண்மையில் தேவையா என்று யோசியுங்கள். கருவியில் லுவா ஸ்கிரிப்ட் ஓட்ட மட்டும்தான் என்றால் ரீட்லைன் வேண்டியதில்லை. மேக் லினக்ஸ் போதும். இரண்டு, தேவை என்றால் ஏஆர்எம்64 வகை ரீட்லைன் டெவலப்மென்ட் பேக்கேஜை நிறுவுங்கள். டெபியனில் டிபிகேஜி கட்டளையில் ஆட் ஆர்க்கிடெக்சர் மூலம் ஏஆர்எம்64ஐச் சேர்த்து, ஆப்ட் அப்டேட் செய்துவிட்டு, பேக்கேஜ் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி இட்டு ஏஆர்எம்64 என்று கொடுத்தால் வந்துவிடும்.

இரண்டாம் வகை: ராங் ஃபார்மட்

முந்தா நாள் லுவாவை உங்கள் பிசிக்காகவே கம்பைல் செய்து பார்த்திருக்கிறீர்கள். இன்று லுவா.சி பைலில் ஒரு வரியை மாற்றிவிட்டு, அதே போல்டரில் கிராஸ் கம்பைலரோடு மேக் கொடுக்கிறீர்கள். "ரீலொகேஷன்ஸ் இன் ஜெனரிக் எல்ஃப், இஎம்: 62" என்றும், "ஃபைல் இன் ராங் ஃபார்மட்" என்றும் எர்ரர் வருகிறது.

மேக் ஒரு சிக்கனக்காரர். மாறிய பைலை மட்டும்தான் மறுபடி கம்பைல் செய்வார். கம்பைலரே மாறிவிட்டது என்பதை அவர் கவனிக்க மாட்டார். ஆகவே ஒரு பைல் மட்டும் ஏஆர்எம்முக்கானது, மற்றவை எல்லாம் பிசிக்கானவை. இரண்டையும் கலந்து இணைக்க லிங்கர் மறுக்கிறது.

அந்த 62 என்ற எண்ணைக் கவனித்தீர்களா? ஒவ்வொரு ஆப்ஜெக்ட் பைலின் தொடக்கத்திலும் அது எந்த பிராசசருக்கானது என்று ஓர் எண் பதிந்திருக்கும். 3 என்றால் 32 பிட் இன்டெல். 62 என்றால் 64 பிட் இன்டெல், ஏஎம்டி. 40 என்றால் 32 பிட் ஏஆர்எம். 183 என்றால் 64 பிட் ஏஆர்எம். இந்த நான்கு எண்களைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். எர்ரர் வரியிலேயே திருடன் யார் என்று தெரிந்துவிடும்.

தீர்வு எளிது. மேக் கிளீன் என்று கொடுங்கள். பழைய ஆப்ஜெக்ட் பைல்கள் அழிந்துவிடும். பிறகு கிராஸ் கம்பைலரோடு மறுபடி மேக் கொடுங்கள். இதைவிட நல்ல பழக்கம், பிசிக்கு ஒரு போல்டர், பைக்கு ஒரு போல்டர் என்று தனித்தனியாக வைத்துக் கொள்வது.

எந்த பைலையும் மாற்றாமல் கிராஸ் கம்பைலரோடு மேக் கொடுத்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும். எர்ரரே வராது, ஏனென்றால் மேக் எதையுமே செய்திருக்காது. அந்த லுவாவைப் பையில் ஓட்டினால் "எக்செக் ஃபார்மட் எர்ரர்" வரும். அதனால் காப்பி செய்வதற்கு முன் ஃபைல் என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, புரோகிராமின் பெயரைக் கொடுங்கள். பதிலில் ஏஆர்எம் ஏஏஆர்ச்64 என்று இருந்தால் சரி.

இதோடு தொடர்புடைய ஒன்று. லுவாவின் ஆப்ஜெக்ட் பைல்களை ஒரே லைப்ரரியாகக் கட்டுவது ஏஆர் என்ற கருவி. சில சிஸ்டங்களில் பிசியின் ஏஆர் கட்டினால் "ஆர்க்கைவ் ஹேஸ் நோ இண்டெக்ஸ்" என்று லிங்கர் புகார் சொல்லும். அப்போது ஏஆர், ரன்லிப் இரண்டையும் கிராஸ் கருவிகளாக மாற்றிக் கொடுக்க வேண்டும். லுவாவின் மேக்பைலில் ஏஆர் என்பதோடு ஆர்சியு என்ற மூன்று எழுத்துகளும் சேர்ந்தே இருக்கும். மாற்றும்போது அந்த மூன்று எழுத்துகளையும் சேர்த்து மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். விட்டுவிட்டால் ஏஆர் உதவிக் குறிப்பைக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

மூன்றாம் வகை: அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்

அதிகம் பேரை அலைய வைப்பது இதுதான். என்னையும் அலைய வைத்தது.

2021ல் வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதம். பால் குளிரூட்டும் தொட்டியின் வெப்பநிலையைக் காட்டும் ஒரு சின்ன ஏஆர்எம் கருவிக்கு லுவா 5.4ஐ கிராஸ் கம்பைல் செய்யும் பொறுப்பு எனக்கு. சென்சாருக்கென்று தனியாக ஒரு லைப்ரரி இருந்தது. மேக்பைலைத் திறந்து பார்த்தேன். லிப்ஸ் என்று பெரிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. "லைப்ரரி சேர்க்கும் இடம் இதுதான்" என்று நினைத்து, மேக் கட்டளையிலேயே லிப்ஸ் என்பதற்கு சென்சார் லைப்ரரியின் பெயரைக் கொடுத்தேன். பவ், எஃப்மாட், சைன், லாக் என்று பத்துப் பதினைந்து பெயர்களுக்கு "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்" வந்தது.

மறுநாள் காலையில் கருவி போக வேண்டும். மணி இரவு பதினொன்று. யாரையும் கேட்கக் கூச்சம். நான் செய்தது இதுதான்: ஒரு புதிய சி பைலைத் திறந்து, அந்தப் பெயர்களில் எல்லாம் வெற்று ஃபங்ஷன்களை எழுதினேன். எதைக் கேட்டாலும் பூஜ்யம் என்று பதில் தரும் ஃபங்ஷன்கள். லிங்கர் அமைதியானது. கல்யாண மண்டபத்தில் தேங்காய்க்குப் பதில் காலிக் கூடையை வைத்து, மேலே துணி போட்டு மூடினால் எப்படியோ அப்படி.

"நம் ஸ்கிரிப்ட்டில் வர்க்கம், கனம் மட்டும்தான் இருக்கிறது. சைன், லாக் எல்லாம் எதற்கு?" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக் கொண்டேன். 3ன் வர்க்கம் என்ன என்று லுவாவிடம் கேட்டேன். 9.0 என்று சரியாகச் சொன்னது. கருவியை மேஜை மேல் வைத்துப் பார்த்தேன். அறை வெப்பநிலையைச் சரியாகக் காட்டியது. அனுப்பிவிட்டோம்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பால் நிலையத்திலிருந்து போன் வந்தது. "தம்பி, உங்க மெஷின் நாலு டிகிரின்னு காட்டுது. என் தெர்மாமீட்டர் ஏழுன்னு சொல்லுது. நான் எதை நம்பறது?" என்று கேட்டார் அங்கே வேலை பார்க்கும் பெரியவர். அவர் தன் பழைய தெர்மாமீட்டரை நம்பினார். அதனால் தொட்டிப் பால் தப்பியது. முதல் நாள் வந்த இரண்டு கேன் பாலை மட்டும் கொட்ட வேண்டியதாயிற்று. எத்தனை வீட்டு மாடு கறந்த பாலோ!

தவறு எங்கே? லுவா 5.4ல் ஓர் எண்ணின் வர்க்கத்தைக் கேட்டால், அது பவ் ஃபங்ஷனிடம் போகாது. அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கிவிடும். வேகத்துக்காக அப்படி எழுதியிருக்கிறார்கள். மூன்றாம் அடுக்கைக் கேட்டால்தான் பவ்விடம் போகும். என் சோதனை வர்க்கத்தோடு நின்றுவிட்டது. சென்சார் கணக்கிலோ மூன்றாம் அடுக்கு இருந்தது. 25 டிகிரிக்கு அருகில் அந்தப் பகுதி மிகச் சிறியது, அதனால் மேஜை மேல் வித்தியாசம் தெரியவில்லை. குளிர்ந்த பாலுக்குள் போனதும் அந்தப் பகுதி பெரிதாகிவிட்டது. நான் எழுதிய ஃபங்ஷன் அதைப் பூஜ்யமாக்கிவிட்டது.

அன்று இரவு லிங்கர் என்னிடம் உண்மையைத்தான் சொன்னது. நான்தான் அதன் வாயை மூடினேன். அதோடு எர்ரர் ஒழிந்துவிடவில்லை. என் மேஜையிலிருந்து கிளம்பி அந்தப் பெரியவரின் தொட்டிக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

சரியான தீர்வு என்ன?

லுவாவின் மேக்பைலில் லிப்ஸ் வரியில் ஏற்கனவே -எல்எம் என்று இருக்கும். எம் என்பது கணித லைப்ரரி. பவ், சைன் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. நான் கட்டளையில் லிப்ஸுக்குப் புதிய மதிப்பு கொடுத்ததும் பழைய மதிப்பு முழுவதும் போய்விட்டது. நம்முடைய லைப்ரரிகளைச் சேர்ப்பதற்கென்றே அதே மேக்பைலில் மைலிப்ஸ் என்று இன்னொரு பெயர் காலியாக வைத்திருக்கிறார்கள். அதில் கொடுத்திருந்தால் பழையதும் இருக்கும், புதியதும் சேரும். இரண்டு நிமிட வேலை.

இன்னொன்று, வரிசை. லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கும். முதலில் கேட்பவர், பிறகு கொடுப்பவர் என்ற வரிசையில் இருக்க வேண்டும். லைப்ரரியை முன்னால் கொடுத்தால், "இதை இன்னும் யாரும் கேட்கவில்லையே" என்று லிங்கர் தாண்டிப் போய்விடும். லுவாவின் மேக்பைலில் மைஎல்டிஃபிளாக்ஸ் என்பது ஆப்ஜெக்ட் பைல்களுக்கு முன்னால் வருகிறது, மைலிப்ஸ் கடைசியில் வருகிறது. ஆகவே லைப்ரரி இருக்கும் போல்டரை மைஎல்டிஃபிளாக்ஸில் கொடுங்கள். லைப்ரரியின் பெயரை மைலிப்ஸில் கொடுங்கள். இரண்டு பெயர்களும் பெரிய எழுத்தில்.

டிஎல்ஓபன், டிஎல்சிம் என்ற பெயர்களுக்கு இந்த எர்ரர் வந்தால் -எல்டிஎல் விடுபட்டிருக்கிறது என்று பொருள். 2021ல் வெளியான ஜிலிப்சி 2.34 முதல் இவை முக்கிய சி லைப்ரரிக்குள்ளேயே வந்துவிட்டன. அதற்கு முந்தைய சிஸ்டத்துக்காக கம்பைல் செய்தால் -எல்டிஎல் கட்டாயம் வேண்டும். மேக் லினக்ஸ் என்று கொடுத்தால் மேக்பைலே இதைச் சேர்த்துவிடும். சிஸ்லிப்ஸ் என்ற வரியில் நீங்கள் கை வைத்தால்தான் போய்விடும்.

லிங்க் ஆகிவிட்டது, ஆனால் ஓடவில்லையே!

எர்ரர் இல்லாமல் முடிந்து, பைக்குக் காப்பி செய்து ஓட்டினால் "ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்" என்று வரலாம். ஜிலிப்சி என்பது எல்லா புரோகிராம்களும் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரி. புதிய ஜிலிப்சியோடு லிங்க் செய்த புரோகிராம் பழைய ஜிலிப்சியில் ஓடாமல் போகலாம். பழையதோடு லிங்க் செய்தது புதியதில் ஓடும்.

டெபியன் 11ல் இருப்பது ஜிலிப்சி 2.31. உபுண்டு 22.04ல் 2.35. டெபியன் 12ல் 2.36. உபுண்டு 24.04ல் 2.39. ராஸ்பெர்ரி பை ஓஎஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே உபுண்டு 22.04ல் கம்பைல் செய்ததை டெபியன் 11 வகை பையில் ஓட்டினால் இந்த எர்ரர் வரும். பிசியிலும் பையிலும் எல்டிடி என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, இரண்டு ஹைபன் போட்டு வெர்ஷன் என்று கொடுத்துப் பாருங்கள். பிசியின் எண் பையின் எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் கவலை இல்லை. அதிகமாக இருந்தால் பையில் உள்ள அதே டெபியன் பதிப்பில் வைத்து கம்பைல் செய்யுங்கள்.

அனுப்பும் முன் சோதியுங்கள்

ஏஆர்எம் புரோகிராமை பிசியிலேயே ஓட்டிப் பார்க்க ஒரு வசதி இருக்கிறது. க்யூஇஎம்யு-யூசர் என்ற பேக்கேஜை நிறுவுங்கள். பிறகு க்யூஇஎம்யு-ஏஏஆர்ச்64 என்று டைப் செய்து, பெரிய எழுத்தில் -எல் கொடுத்து, யுஎஸ்ஆர் போல்டருக்குள் இருக்கும் ஏஏஆர்ச்64-லினக்ஸ்-குனு போல்டரைக் காட்டி, கடைசியில் நீங்கள் உருவாக்கிய லுவாவைக் கொடுங்கள். அது எஸ்ஆர்சி போல்டருக்குள் இருக்கும்.

லுவா திறந்ததும் "வேலை செய்கிறது" என்று மகிழ்ந்து மூடிவிடாதீர்கள். நான் பட்டது போதும். இந்த நான்கையும் கேளுங்கள்:

2ன் மூன்றாம் அடுக்கு. 8.0 வர வேண்டும்.
2ன் பத்தாம் அடுக்கு. 1024.0 வர வேண்டும்.
7.5ஐ 2ஆல் வகுத்தால் மீதி. 1.5 வர வேண்டும்.
மேத் டாட் சைன் 1. சுமார் 0.8415 வர வேண்டும்.

நான்கும் சரியாக வந்தால் கணித லைப்ரரி உண்மையாகவே வந்து சேர்ந்திருக்கிறது.

மறக்காமல் இருக்க

1. முதல் எர்ரர் வரியைப் படியுங்கள், கடைசி வரியை அல்ல.
2. கேனாட் ஃபைண்ட்: இலக்குக் கருவிக்கான லைப்ரரி இல்லை. தேவையா என்று யோசியுங்கள், தேவை என்றால் நிறுவுங்கள்.
3. ராங் ஃபார்மட்: பிராசசர் எண்ணைப் பாருங்கள். மேக் கிளீன் கொடுங்கள்.
4. அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்: பெயர் எந்த லைப்ரரியில் இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கடைசியில் சேருங்கள்.
5. எர்ரரை மறைக்க வெற்று ஃபங்ஷன் எழுதாதீர்கள்.

அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி இன்றும் என் மானிட்டரின் ஓரத்தில் ஒரு துண்டுத் தாளில் ஒட்டியிருக்கிறது. இப்போதெல்லாம் லிங்கர் எர்ரர் வந்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. கருவி வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே ஒருவர் குறையைச் சொல்லிவிட்டாரே என்று நிம்மதியாக இருக்கிறது. நீங்களும் இந்த வார விடுமுறையில் முயன்று பாருங்கள். வேண்டுமென்றே லிப்ஸில் கை வைத்து எர்ரரை வரவழைத்து, பிறகு சரி செய்யுங்கள். ஒருமுறை உங்கள் கையால் சரி செய்துவிட்டால், அடுத்த முறை கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்து போக மாட்டீர்கள்.